தராசக்காவின் ஞாயிற்றுக்கிழமை

அந்த ரொட்டித் தொழிற்சாலையில் அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயரால் கூப்பிடுகிறவர் ஒரே ஒருவர்தான். வருகைப் பதிவேடு வைத்திருக்கிற கிளார்க். மற்ற எல்லோருக்கும் அவள் தராசக்கா. பிசைந்த மாவில் கையை விட்டு ஒரு கிள்ளு கிள்ளி எடுத்தாளானால் அது அறுபது கிராம். அறுபத்தொன்றும் இல்லை, ஐம்பத்தொன்பதும் இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் நம்பாமல் எலக்ட்ரானிக் தராசில் வைத்துப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுத் தராசைத்தான் சந்தேகப்படுவார்கள்.

மாவுப் பிரிவுக்கு அவள்தான் தலைவி. இரவு ஒன்பதிலிருந்து விடிகாலை ஐந்து வரை அங்கே அவள் ராஜ்யம். ஆள் உயரத்துக்கு இரண்டு மாவு பிசையும் மெஷின்கள், நீளமான உருட்டு மேசை ஒன்று, அவளோடு சேர்த்து எட்டு பேர். மாவு பதமாகிவிட்டதா என்று மற்றவர்கள் மூடியைத் திறந்து, கிள்ளி, இழுத்துப் பார்த்துச் சொல்வார்கள். அவள் மெஷினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொல்வாள். மாவு சேர்ந்து வரும்போது சத்தம் மாறும். சளக் சளக்கென்று அடித்துக்கொண்டிருந்தது தொம் தொம்மென்று கனக்கும். "போதும், நிறுத்து" என்பாள். அதற்கு மேல் ஒரு நிமிஷம் ஓடினாலும் ரொட்டி ரப்பராகிவிடும் என்பது அவள் கட்சி. அந்தப் பிரிவுக்கு அதுவரை ஒரு பெண் தலைமை வகித்ததில்லை. ட்ரே கழுவுகிற வேலையில் சேர்ந்து ஒன்பது வருஷத்தில் அந்த இடத்துக்கு வந்தவள் அவள். யார் சிபாரிசும் கிடையாது. இதை அவளே வாய்விட்டுச் சொல்லிக்கொள்வாள். தற்பெருமை என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

அவளுக்குப் பதினேழு வயதிலிருந்து வலிப்பு உண்டு. வருஷத்துக்கு மூன்று முறை, மிஞ்சிப் போனால் நான்கு. மாத்திரை தவறியதில்லை. வேலைக்குச் சேரும்போதே விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். அந்தக் காகிதம் எந்த அலமாரியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்ததோ, ஒன்பது வருஷமாக யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. வருகிற வலிப்பெல்லாம் வீட்டிலேயே வந்துவிட்டுப் போய்க்கொண்டிருந்ததால் கேட்க வேண்டிய அவசியமும் நேரவில்லை.

பத்தாவது வருஷம் ஒரு நாள் ஷிஃப்ட் தொடங்கக் கால்மணி நேரம் இருக்கும்போது, உடை மாற்றும் அறையில் விழுந்துவிட்டாள். இரண்டு நிமிஷம்தான். கூட இருந்த பெண்கள் ஏப்ரனைச் சுருட்டித் தலைக்குக் கீழே கொடுத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். எழுந்தவள் முகத்தைக் கழுவிக்கொண்டு, "முதல் மாவு போட்டாச்சா?" என்று கேட்டாள். நாக்கைக் கடித்திருந்ததால் அந்தக் கேள்வி யாருக்கும் புரியவில்லை.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசினார்.

"உங்க கை மேல எனக்கு சந்தேகமே இல்லம்மா. அந்த மெஷின் மேலதான் பயம். அது ஆளைப் பார்த்து நிக்காது."

"மூடி திறந்தா நின்னுடும் சார்."

"நின்னுடும். நிக்கிறதுக்குள்ள?"

நான்கு மாதம் அவகாசம் கொடுத்தார். அதற்குள் டாக்டரிடமிருந்து கடிதம் வாங்கி வர வேண்டும். அதுவரை மேற்பார்வை பார்க்கலாம், மேசையில் உருட்டலாம், மெஷின் பக்கம் கை போகக் கூடாது. கடிதம் வராவிட்டால் பகல் ஷிஃப்டில் பேக்கிங் பிரிவு. பேக்கிங் என்றால் ரொட்டியைப் பைக்குள் தள்ளி வாயைக் கட்டுவது. இரண்டு கையும் நிறையப் பொறுமையும் இருந்தால் போதும். தராசக்காவுக்குக் கை இரண்டும் நன்றாகத்தான் இருந்தன.

டாக்டரம்மா எல்லோரும் சொன்னதையே சொன்னார். "ராத்திரி வேலை பார்க்கறீங்கள்ல, அதுதான் காரணமா இருக்கும். தூக்கம் கெட்டா வலிப்பு வரும்மா. பகல் வேலைக்கு மாறிக்கிறது நல்லது."

அதைக் கேட்டுத் தராசக்காவுக்குச் சுருக்கென்றது. "என் தூக்கம் கெட்டுப்போனதை நீங்க பார்த்தீங்களா டாக்டர்?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் நாற்காலியோடு அரை அடி பின்வாங்கினான். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற மெக்கானிக் அவன். சாது. டாக்டரிடம் யாரும் அப்படிப் பேசி அவன் கேட்டதில்லை. ஆனால் டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "பார்க்கல. பார்த்துடலாமா?" என்றார்.

அப்படித்தான் அந்தக் கைப்பட்டை வந்தது. ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. வலிப்பு உள்ளவர்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு, வழக்கம்போல வாழ்ந்துகொண்டு, கையில் வாட்ச் மாதிரி ஒரு பட்டையை மட்டும் கட்டிக்கொள்ள வேண்டும். அது நாடித்துடிப்பு, கையசைவு, வியர்வை எல்லாவற்றையும் பதிவு செய்யும். எப்போது தூங்கினார்கள், எப்போது விழித்தார்கள் என்று அதிலிருந்து தெரியும். கை ஒரே சீராக வெட்டி இழுத்தால் வலிப்பென்று எடுத்துக்கொண்டு வீட்டு ஆளின் போனுக்கு மணியடிக்கும். அதோடு, தினமும் போனில் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். நான்கு மாதம். மேனேஜர் கொடுத்த கெடுவும் அதே நான்கு மாதம்.

முதல் வாரமே கூத்து. உருட்டு மேசையில் தராசக்கா இரண்டு கையிலும் இரண்டு உருண்டையை வைத்துச் சுழற்றுவதைப் பார்க்க வேண்டும். கண் இமைப்பதற்குள் இரண்டு பன் உருண்டுவிடும். அதைப் பட்டை பார்த்தது. இப்படி ஒரு ஆட்டத்தை அது வாழ்நாளில் கண்டதில்லை போலிருக்கிறது. வலிப்பு என்று முடிவுகட்டிப் புருஷனின் போனை அலறவிட்டது. அவன் பனியனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சைக்கிளை மிதித்து, மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றான். தராசக்கா கையெல்லாம் மாவோடு வெளியே வந்து, "எனக்கு ஒண்ணுமில்ல. நீங்கதான் மயக்கம் போட்டு விழுந்துடுவீங்க போல" என்றாள். அன்றைக்கு மட்டும் பட்டையின் கணக்கில் அவளுக்கு ஆறு வலிப்பு. மறுநாளே ஆய்வு நர்ஸைக் கூப்பிட்டுச் சொல்லி, உருட்டுகிற நேரத்தைத் தனியாகக் குறித்துவைக்க ஏற்பாடு செய்துகொண்டாள்.

படிவத்தில் நடந்தது அதைவிடப் பெரிய கூத்து. தராசக்கா எழுத்துக்குக் கட்டுப்பட்டவள். மாவுக்கான குறிப்பில் பன்னிரண்டு லிட்டர் தண்ணீர் என்றிருந்தால் பன்னிரண்டுதான் ஊற்றுவாள். படிவத்தில் முதல் கேள்வி, 'நேற்று இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?' என்றிருந்தது. நேற்று இரவு அவள் வேலையில் இருந்தாள். பூஜ்யம் என்று போட்டாள். 'இடையில் எத்தனை முறை விழித்தீர்கள்?' தூங்கினால்தானே விழிப்பதற்கு என்று எழுதினாள். 'காலையில் எழும்போது எப்படி இருந்தது?' எழவில்லை என்று எழுதினாள். பொய் சொல்லக் கூடாது என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள் அல்லவா.

வாரத்தில் ஆறு நாள் பூஜ்யம். திங்கட்கிழமை மட்டும் எட்டு. ஏனென்றால் வார விடுமுறை ஞாயிறு. அன்று இரவு அவளும் ஊரைப்போலப் படுத்து ஊரைப்போல எழுவாள். பட்டையும் படிவத்துக்குத் தாளம் போட்டது. ஒன்பதிலிருந்து ஏழு வரைதான் இரவு என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆறு நாளும் முகத்தைச் சுளித்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் மட்டும் பச்சை எழுத்தில் 'அருமையான தூக்கம்' என்று பாராட்டும்.

மூன்றாவது வாரம் நர்ஸ் அடித்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். பகல் பதினொரு மணி. வீட்டின் முன்னறைதான் மெக்கானிக்கின் கடை. அவன் ஒரு தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"அக்கா எங்க?" என்றாள் நர்ஸ்.

"தூங்குறா."

"இப்பவா? எவ்வளவு நேரமா?"

"எட்டரைக்குப் படுத்தா. மூணரைக்குத்தான் எந்திரிப்பா. தினமும் அப்படித்தான் சிஸ்டர். பக்கத்துல பட்டாசு வெடிச்சாக்கூட அசைய மாட்டா. ஏன், என்னாச்சு?"

நர்ஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "இருபது நாளா இந்தம்மா வாரத்துக்கு ஒரு ராத்திரிதான் கண்ணை மூடுறாங்கன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. ஆய்வுலேர்ந்து பேரை எடுத்துடலாமான்னு பேசிக்கிட்டு இருக்காங்க."

டாக்டரம்மாவுக்கு அவள் இரவு வேலை தெரியும். படிவத்தைப் படிக்கிற கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதைவிட வேடிக்கை, அந்த நர்ஸும் மாதத்தில் பத்து நாள் ராத்திரி டியூட்டி பார்க்கிறவள்தான். அந்தக் கேள்வியை அவளும் நூறு தடவையாவது படித்திருப்பாள். அதில் கோளாறு இருக்கிறதென்று அவளுக்குப் படவே இல்லை. தராசக்கா எழுந்ததும் இருவரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்தினார்கள். பட்டைக்கு இரவு எது பகல் எது என்று புதிதாகச் சொல்லிக்கொடுத்தார்கள். படிவத்தில் 'நேற்று இரவு' போய், 'கடைசியாக நீங்கள் தூங்கிய நீண்ட தூக்கம்' என்று வந்தது. அவளுக்கு மட்டுமல்ல, ஆய்வில் இருந்த எல்லோருக்கும். இதை அவள் தொழிற்சாலையில் ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். சொல்ல வேண்டியதுதானே.

ஆனால் வலிப்பு வராமல் இருக்கவில்லை. நான்காவது வாரம் ஒரு காலையில், டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருக்கும்போது வந்தது. ஏழாவது வாரம் இன்னொன்று, பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது. இரண்டாவது முறை தெளிந்து எழுந்ததும் பட்டையைக் கழற்றி அலமாரி இழுப்பறையில் போட்டு மூடிவிட்டாள். பட்டை எழுதுவது அவளுக்கு எதிரான சாட்சி. இப்படியே போனால் கடிதம் எங்கே வரப்போகிறது? பேக்கிங் பிரிவு கண்முன்னே வந்து நின்றது. அரைமணி நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய் எடுத்து மறுபடியும் கட்டிக்கொண்டாள். எடையை ஏமாற்றி ஒரு பன் கூட உருட்டாதவள், தன் உடம்பின் கணக்கில் போய் ஏமாற்றுவதா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. பத்தாவது வாரம் மூன்றாவது முறை வந்தபோது, ஒரு வருஷத்துக்கு உண்டானது பத்து வாரத்தில் தீர்ந்துவிட்டது என்று கணக்குப் போட்டாளே தவிர, கழற்ற நினைக்கவில்லை.

அந்த வாரம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நர்ஸ் ஒரு நீளமான தாளை மேசைமேல் விரித்தாள். ஒரு நாளுக்கு ஒரு வரிசை, மொத்தம் எழுபது வரிசை. தூங்கிய நேரமெல்லாம் கறுப்பு, விழித்திருந்த நேரமெல்லாம் வெள்ளை. டாக்டரம்மா தாளை உற்றுப் பார்த்து, "நான்தான் தப்பா நினைச்சேன். உங்க பகல் தூக்கம் ரொம்ப நல்லா இருக்கும்மா. சராசரி ஏழு மணி நேரம். எனக்கே இவ்வளவு கிடையாது" என்றார். மெக்கானிக் ஏதோ தானே தூங்கியதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தான்.

தராசக்கா அந்தப் பாராட்டைக் காதில் வாங்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணுக்கு அது ட்ரேயில் அடுக்கிய பன் வரிசையாகத்தான் தெரிந்தது. ஒரு ட்ரேயில் நாற்பது பன் இருந்து அதில் ஒன்று கோணலாக இருந்தால் பத்தடி தூரத்திலிருந்தே பிடித்துவிடுகிற கண் அது.

"டாக்டர், இந்த ஏழாவது வரிசை எல்லாம் ஏன் கோணலா இருக்கு?"

"எது?"

"இதோ. நடுவுல அஞ்சு வரிசை ஒரே அளவு. ஏழாவது வெள்ளையா கிடக்குது, கறுப்பு அந்தப் பக்கம் ஓடிடுச்சு. அதுக்கடுத்த நாள் துண்டு துண்டா இருக்கு. அப்புறம் ஒழுங்காயிடுது. மறுபடியும் ஏழாவது."

நர்ஸ் தேதியைப் பார்த்தாள். "அது ஞாயித்துக்கிழமைக்கா. உங்க லீவு."

டாக்டரம்மா சிவப்புப் பேனாவை எடுத்து மூன்று வலிப்பும் வந்த நாளில் புள்ளி வைத்தார். மூன்றும் கோணல் வரிசைக்கு அடுத்த வரிசையில் உட்கார்ந்தன. மூன்றும் திங்கட்கிழமை.

"உடை மாத்துற ரூம்ல விழுந்தேனே, அது என்ன கிழமை?" என்று தராசக்கா புருஷனைக் கேட்டாள். அவன் திருதிருவென்று விழித்தான். அவனுக்கு இடம் ஞாபகம் இருந்தது, நேரம் ஞாபகம் இருந்தது, கிழமை ஞாபகம் இல்லை. இத்தனை வருஷமும் அவர்கள் எங்கே விழுந்தாள், எப்படி விழுந்தாள் என்று பேசினார்களே தவிர, என்றைக்கு என்று கேட்டதே இல்லை. தராசக்கா பையிலிருந்து ஆஸ்பத்திரி நோட்டை எடுத்தாள். மூன்று வருஷத்துக்கு முன் இரவு வேலைக்குப் போன பிறகு வந்த பதினோரு வலிப்புக்கும் அதில் தேதி இருந்தது. போனில் காலண்டரைத் திறந்து ஒவ்வொன்றாகப் பின்னால் போனார்கள். ஒன்பது, திங்கள்; உடை மாற்றும் அறையில் விழுந்ததும் அதில் ஒன்று. ஒன்று, மூன்று நாள் சேர்ந்தாற்போல லீவு விட்டுத் திரும்பிய நாள். ஒன்று, காய்ச்சலோடு கிடந்தபோது வந்தது.

"ராத்திரி வேலை கெடுக்கல," என்றார் டாக்டரம்மா மெதுவாக. "லீவு நாள்தான் கெடுத்திருக்கு. இதை நான் கண்டுபிடிக்கலம்மா. நீங்கதான் கண்டுபிடிச்சீங்க."

தராசக்கா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவள் முகம் சுண்டிப்போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொன்னால்தான் இது புரியும். சனிக்கிழமை இரவு வேலையை முடித்துக்கொண்டு ஞாயிறு விடிகாலை வீட்டுக்கு வந்தால் அவள் படுக்க மாட்டாள். குளித்துவிட்டு ஜன்னலையெல்லாம் திறந்துவைப்பாள். எட்டாவது படிக்கிற மகளின் யூனிஃபார்மைத் துவைத்துப் போடுவாள். மூன்று பேருமாக மார்க்கெட் போவார்கள், மூன்று பேருமாகச் சமைப்பார்கள். மத்தியானம் மகள் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் கொட்டுவாள். சாயந்திரம் பூங்கா வரை நடை. வாரம் பூராவும் மகள் பள்ளிக்குப் போகும்போது தாய் படுக்கப்போகிறாள், மகள் படுக்கும்போது தாய் வேலைக்குப் போகிறாள். அதற்கெல்லாம் சேர்த்து வைத்துக் கொடுக்கிற நாள் அது. சனிக்கிழமை மூன்றரைக்கு விழித்தவள் ஞாயிறு இரவு பத்துக்குத்தான் கண்ணை மூடுவாள். முப்பது மணி நேரத்துக்கும் மேலே. "ஞாயித்துக்கிழமை நான் தூங்க மாட்டேன். அது எம் பொண்ணோட நாள்" என்று தொழிற்சாலையில் மார்தட்டுவாள். அந்த நாள்தான் அவளைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா இரண்டு வழி சொன்னார். பகல் வேலைக்குப் போனால் ஞாயிறு ஞாயிறாகவே இருக்கும். இரவு வேலையே வேண்டுமென்றால் ஏழு நாளும் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழ வேண்டும். ஞாயிறு பகலிலும் தூக்கம், ஞாயிறு இரவிலும் விழிப்பு. எது என்று அவளேதான் தீர்மானிக்க வேண்டும்.

வீட்டில் சொன்னபோது மகள் முதலில் கேட்டது, "அப்ப ஞாயித்துக்கிழமை நீ கிடையாதா?" என்றுதான்.

"நாலு மணிக்கு மேல இருப்பேன்."

"அது மத்த நாளும்தான் இருக்கே."

மெக்கானிக்தான் வாயைத் திறந்தான். அதிகம் பேசாதவன் பேசினால் வீடே நின்று கேட்கும். "நாம ரெண்டு பேரும் சேர்ந்து உங்கம்மாவை வாராவாரம் முழிக்க வெச்சிருக்கோம். நானும்தான் மார்க்கெட்டுக்கு வா வான்னு இழுத்துட்டுப் போயிருக்கேன். தெரியாம செஞ்சோம். தெரிஞ்சப்புறமும் செய்யலாமாம்மா?"

மகள் அழுதாள். அழுது முடித்துவிட்டு, "நாலு மணியிலேர்ந்து ராத்திரி வரைக்கும் முழுசா எனக்கு. பாத்திரம் தேய்க்கறேன், துணி மடிக்கறேன்னு எல்லாம் போகக் கூடாது" என்று நிபந்தனை போட்டாள். அந்தப் பேரத்தில் தராசக்காதான் லாபம் அடைந்தாள் என்று சொல்ல வேண்டும்.

பேக்கிங் பிரிவு வேண்டாம் என்று அவள் முடிவு செய்ததைச் சுயநலம் என்று சொன்னவர்கள் உண்டு. அவளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. ஒன்பது வருஷம் உழைத்து அடைந்த இடத்தை ஒரு கிழமைக்காக விட முடியாது. மகளுக்கும் அப்படி விட்டுக்கொடுக்கிற தாய் வேண்டாம் என்று அவள் நினைத்தாள். அதை மகளிடமே நேராகச் சொல்லவும் செய்தாள்.

முதல் ஞாயிறு தூக்கம் வராமல் புரண்டாள். இரண்டாவது ஞாயிறு நன்றாகத் தூங்கினாள். மூன்றாவது ஞாயிறு பகல் பன்னிரண்டுக்கு நாத்தனார் வந்துவிட்டாள், முன்கூட்டிச் சொல்லாமல், குடும்பத்தோடு. வீட்டுக்காரி எங்கே என்று கேட்டுவிட்டு, உள்ளறைக் கதவைப் பார்த்தாள். "மத்தியானத்துல என்ன தூக்கம்? விருந்தாளி வந்தா எந்திரிச்சு வாங்கன்னு சொல்றதுக்குக்கூடவா ஆளில்ல?" என்று குரலை உயர்த்தினாள்.

கதவுக்குப் பின்னால் தராசக்கா விழித்துக்கொண்டாள். எழுந்து போய்விடலாமா என்று காலைக் கீழே வைத்தாள். அப்போது புருஷனின் குரல் கேட்டது.

"சத்தம் போடாதக்கா. அவ வேலையில இருக்கா."

"தூங்கறது ஒரு வேலையாடா?"

"அவளுக்கு வேலைதான். உக்காரு. டீ போட்டுக் கொண்டாறேன். அவ எந்திரிக்க மூணரை ஆகும். இருந்து பார்த்துட்டுப் போ."

இருபது வருஷமாக அக்காவின் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாதவன். தராசக்கா காலை மேலே இழுத்துக்கொண்டு போர்வையைத் தலைவரை மூடினாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷனை அவளுக்குப் பிடிக்கும். அன்றைக்குத்தான் எவ்வளவு பிடிக்கும் என்று தெரிந்தது. தாளில் அந்த ஞாயிற்றுக்கிழமை வரிசையில் பன்னிரண்டு மணிக்கு ஒரு சின்ன வெள்ளைக் கோடு இருக்கிறது. அதற்குப் பிறகு மூன்றரை வரை கறுப்பு.

ஏழு ஞாயிறு அப்படிப் போயின. ஏழு திங்களும் சும்மா வந்து சும்மா போயின. நான்கு மாதம் முடிந்த வாரம் டாக்டரம்மா கடிதம் எழுதிக் கொடுத்தார். மறுநாள் ஷிஃப்ட் முடிந்து மேனேஜர் வருகிற ஏழு மணி வரை தராசக்கா காத்திருந்தாள்.

அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். நிரந்தரமாக இரவு ஷிஃப்ட், மாற்றி மாற்றிப் போடக் கூடாது. ஞாயிறு பகலில் எதற்கும் அழைக்கக் கூடாது. மெஷின் ஓடும்போது இன்னொருவர் அருகில் இருக்க வேண்டும். மறுபடி வலிப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தெரிவித்து, அவர்கள் சொல்லும் வரை மெஷினைத் தொடக் கூடாது.

"இத்தனை கண்டிஷனாம்மா?"

"ஆமா சார்."

"ஏழு வாரம் வரலை. சரி. அதனால இனிமே வராதுன்னு ஆயிடுமா?"

"ஆகாது சார். வரலாம். டாக்டரும் அதைத்தான் எழுதியிருக்காங்க."

"அப்புறம் நான் என்ன தைரியத்துல கையெழுத்துப் போடறது?"

தராசக்கா பையிலிருந்து அந்த நீளத் தாளை எடுத்து அவர் மேசையில் விரித்தாள். இப்போது நூற்று இருபது வரிசை. மேசை போதாமல் ஒரு முனை தொங்கியது. மாவு எப்போது பதம் என்று சொல்கிற அதே குரலில் பேசினாள்.

"இது நான் தூங்கின தூக்கம் சார். நூத்தி இருபது நாள். எப்ப படுத்தேன், எப்ப எந்திரிச்சேன், எப்ப விழுந்தேன், எல்லாம் இருக்கு. எதையும் மறைக்கல. இன்னைக்கு ராத்திரி அந்த மெஷினைப் போடப்போறவங்க, ஓவன் முன்னால நிக்கப்போறவங்க, நாலு மணிக்கு ரொட்டிய ஏத்திக்கிட்டு வேன் ஓட்டப்போறவங்க, இவங்கள்ல யாராவது ஒருத்தர், நான் நேத்து இவ்வளவு நேரம் தூங்கிட்டுத்தான் வந்திருக்கேன்னு இப்படி ஒரு காகிதத்தைக் காட்ட முடியுமா? உங்களால முடியுமா சார்?"

முந்தின நாள் இரவு மேனேஜர் எத்தனை மணிக்குப் படுத்தாரோ, கண்ணுக்குக் கீழே இரண்டு பை தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தாளை மேலிருந்து கீழாக, தொங்குகிற முனையையும் தூக்கிப் பார்த்தார். நடுவில் சிவப்புப் புள்ளிகளில் விரல் நின்றது. அதற்குப் பிறகு புள்ளி இல்லை. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"இந்தப் பட்டை," என்றார் அவள் தாளைச் சுருட்டும்போது, "வலிப்பு இல்லாதவங்களுக்கும் கிடைக்குமா? வேன் டிரைவருங்களுக்கு."

"கேட்டுச் சொல்றேன் சார்," என்றாள் தராசக்கா.

வீட்டுக்கு வரும்போது மணி எட்டு. மகள் பையை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள். மெக்கானிக் கடையைத் திறக்காமல் ஷட்டரில் சாய்ந்திருந்தான். முகத்தைப் பார்த்ததுமே இருவருக்கும் தெரிந்துவிட்டது.

"நான் இன்னைக்கு லீவு போடறேன்மா. என்ன நடந்ததுன்னு முழுசா சொல்லு."

"நானும் கடை திறக்கல," என்றான் அவன். "இன்னைக்கு ஒரு நாள் தூங்காட்டி என்ன? எங்கயாவது போலாம்."

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவனுக்குத் தான் என்ன சொன்னோம் என்று அப்போதுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு ஷட்டரைத் தூக்கப் போனான்.

"நீ ஸ்கூலுக்குப் போ," என்று மகளின் தலையை வருடினாள். "நாலு மணிக்கு வா. ஒரு வார்த்தை விடாம சொல்றேன். மேனேஜர் முழிச்ச முழிய நடிச்சே காட்டுறேன்."

சாப்பிட்டாள், மாத்திரை போட்டுக்கொண்டாள், ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுத்தாள். மேனேஜரிடம் சொன்னதை மனசுக்குள் முதலிலிருந்து ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நன்றாகத்தான் சொல்லியிருக்கிறோம் என்று தோன்றியது. இன்னொரு முறையும் சொல்லிப் பார்த்தாள். வெளியே அவன் சுத்தியலைத் துணி சுற்றி மெல்லத் தட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு மனுஷி தூங்கி ஜெயித்த கதையை யாரும் எங்கேயும் சொல்லி அவள் கேட்டதில்லை. தான் அப்படி ஜெயித்தவள் என்பது அவளுக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. ஒன்பது மணிக்குள் தூங்கிவிட்டாள்.